விளையாட்டுக்கு மதிப்புரை

நூலுக்கு மதிப்புரை எழுதுதல் பழைய வழக்கு. கணினி விளையாட்டுக்கும் அது வேண்டுமோ என வினவுவார் உளர். 1821-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் தோன்றிய ‘கார்டியன்’ என்னும் ஆங்கில நாளிதழ், நாடகத்திற்குப் போன்றே விளையாட்டுக்கும் ஐந்து விண்மீன்களை உச்சமாகக் கொண்டு தீர்ப்பு வழங்கி வருகின்றது. நாடகத்தைச் சில மணியிற் கண்டு முடிக்கலாம். பெரியதொரு விளையாட்டோ பன்னாள் ஆடினாலன்றித் தன் இயல்பைக் காட்டாது.

ஈண்டு மற்றோர் இடர்ப்பாடும் உளது. ‘சைபர்பங்க் 2077’ என்பது 2020 டிசம்பர் 10-ஆம் நாள் வெளிவந்தது. முன்னரே மதிப்புரையாளர்க்கு அளிக்கப்பெற்றது கணினிக்குரிய வடிவமே; அதுகொண்டு பலர் புகழ்ந்தனர். ‘பிளேஸ்டேஷன் 4’ கருவியில் ஆடியோரோ பிழை மலிந்த ஆட்டத்தையே கண்டனர். சோனி நிறுவனம் அதனைத் தன் இணையக் கடையினின்று நீக்கி, 2021 ஜூனில்தான் மீண்டும் சேர்த்தது. இதற்கு மறுதலையாக, 2016-இல் பலரும் குறைகூறிய ‘நோ மேன்ஸ் ஸ்கை’, பின்வந்த திருத்தங்களால் நன்மதிப்புப் பெற்றது.

அச்சேறிய நூல் மாறாது, விளையாட்டு மாறும். ஆதலின், எவ்வடிவை, எக்கருவியில், எந்நாளில் ஆடிக் கண்டது என மதிப்புரை கூறல் வேண்டும். அது கூறாவிடின், விண்மீன்கள் எத்துணை மிகினும் வழிகாட்டா.