கத்திரி வெயிலிலும் கொட்டும் கைலாசகோனா... திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு வற்றாத அருவி!

திருத்தணி முருகனைத் தரிசித்துவிட்டு 365 படிகளையும் இறங்கியதும், பெரும்பாலான குடும்பங்கள் இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன. சென்னைக்குத் திரும்புவார்கள். இல்லையென்றால், 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே பெருமாளையும் பார்த்துட்டு வந்துடலாம்' என்று திருப்பதி சாலையைப் பிடிப்பார்கள். அப்படி வடக்கே போகிறவர்களுக்குத் துணையாக, நகரியைத் தாண்டியதும் ஒரு மலைத்தொடர் கூடவே ஓடிவரும். அந்த மலைகளின் மடிப்பு ஒன்றுக்குள்தான் கைலாசகோனா அருவி இருக்கிறது. திருத்தணியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும், கோயிலுக்கு வருகிறவர்களில் பலருக்கு இப்படி ஓர் அருவி இருப்பதே தெரியாது.

பிரமாண்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். முக்கிய அருவியின் உயரம் சுமார் 40 அடிதான். பக்கத்தில் இன்னும் சிறியதாக இரண்டு உண்டு. இதே ஆந்திராவில், திருப்பதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தலகோனா 270 அடி. உயரத்தில் கைலாசகோனா அதன் கால்தூசிக்கு வராது.

ஆனால், இதற்கு வேறொரு பெருமை இருக்கிறது. சித்திரை, வைகாசியில் சுற்றுவட்டார ஏரிகள் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதும் இங்கே தண்ணீர் விழும். ஐப்பசி, கார்த்திகையில் புடவை விரித்ததுபோல் இறங்கும் அருவி, கத்திரியில் கயிறு மாதிரி இளைத்துப்போகும். ஆனால், நிற்பதில்லை. பனிமலையில் பிறந்து வரும் பெரிய ஆறு எதுவும் இதற்குப் பின்னால் கிடையாது. வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே மழை பார்க்கும் வறண்ட வட்டாரம் இது. அப்படியென்றால், மே மாதத்தில் விழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சமையலறையில் இருக்கும் பதில்

உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் பாத்திரம் அடுக்கி வைத்திருக்கும் கறுப்புப் பலகைக் கல்லைக் கொஞ்சம் பாருங்கள். கடப்பா கல். ஆந்திராவின் கடப்பா, கர்னூல் வட்டாரத்துக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாக வந்து, தமிழ்நாட்டில் வீடு தவறாமல் இடம்பிடித்த கல். அது ஒரு வகைச் சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் எலுமிச்சைச் சாறு சிந்தி, துடைக்காமல் விட்டுவிட்டால் மறுநாள் வெளிறிய தடம் தெரியும். புளிப்பு பட்டால் சுண்ணாம்பு கரையும், அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கல் கிடைக்கும் பூமியும் கைலாசகோனா மலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. புவியியலாளர்கள் இதைக் 'கடப்பா படுகை' என்கிறார்கள். வடக்கே கிருஷ்ணா நதிப் பக்கத்திலிருந்து தெற்கே நகரி வரைக்கும் பிறைநிலா வடிவத்தில் நீண்டு கிடக்கும், சுமார் 44,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பழங்காலப் படுகை. மணலும் சேறும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகிக் கல்லாகிப்போன இடம்.

படுகையின் வடக்குப் பகுதியில் சுண்ணாம்புப் பாறை அதிகம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்த நீராகத்தான் நிலத்துக்குள் இறங்குகிறது. எலுமிச்சைச் சாறு ஒரே இரவில் செய்வதை, அது லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்கிறது. பாறையைக் கரைத்துச் சுரங்கமாக்கிவிடுகிறது. பெலும் குகைகள் அப்படி உருவானவைதான். 3,229 மீட்டர் நீளம். 1884இல் அதைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் நம் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே ஃபூட்தான். பெலும் குகைக்குள் 'பாதாளகங்கை' என்று ஒரு நீரோட்டம் இருக்கிறது. சிறிது தூரம் ஓடிவந்து பாறைக்குள் மறைந்துவிடும். சுண்ணாம்பு பூமியின் குணமே அதுதான். தண்ணீரைக் கண்ணில் காட்டாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

படுகையின் தெற்கு நுனியில் கதை மாறுகிறது. இங்கே மலையாக நிற்பது சுண்ணாம்பு அல்ல, மணல். 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நீர்க்கரையில் படிந்த மணல், இறுகி இறுகி உளியே திணறும் கல்லாக மாறியிருக்கிறது. குவார்ட்சைட் என்று பெயர். அதிலும் இந்தப் பாறை அடுக்குக்குப் புவியியல் நூல்களில் 'நகரி குவார்ட்சைட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழர்களுக்கு நகரி என்றால் ரோஜா எம்.எல்.ஏ.வாக இருந்த தொகுதி. புவியியல் மாணவர்களுக்கோ அது ஒரு பாறையின் பெயர். திருமலையின் ஏழு மலைகளிலும் செங்குத்தாகத் தெரியும் செந்நிறப் பாறைச் சுவர்களும் இதே இனம்தான்.

இந்தக் கல் புளிப்பு நீருக்கெல்லாம் எளிதில் கரையாது. ஆனால், விரியும். மேலிருந்து கீழாக ஆயிரக்கணக்கான வெடிப்புகள். மழை பெய்யும்போது பாதி நீர் மேலாக ஓடிவிட, மீதி இந்த வெடிப்புகளில் இறங்குகிறது. சொட்டுச் சொட்டாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கீழே கசிந்து, அதற்கு மேல் இறங்க வழியில்லாத இறுக்கமான அடுக்கில் முட்டி, பக்கவாட்டில் ஊற்றாக எட்டிப் பார்க்கிறது. மலையே ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் நிரம்பும், சித்திரை வரைக்கும் சிறுகச் சிறுகத் திறந்துவிடும். நாம் கைலாசகோனாவில் தலையை நீட்டிக் குளிக்கும் மே மாதத் தண்ணீர், போன வருடத்து மழை.

இங்கே ஒரு நம்பிக்கையையும் பேசியாக வேண்டும். இந்த நீரில் தாதுச்சத்து அதிகம், அதனால் நோய் தீரும் என்று சொல்லிக் குளிக்கிறவர்கள் உண்டு. பாறையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தாது கரைந்த கடின நீர் வேண்டுமென்றால் சுண்ணாம்பு பூமிக்குத்தான் போக வேண்டும். குவார்ட்சைட்டிலிருந்து வரும் நீர் பெரும்பாலும் மென்மையானது. இரண்டு மணி நேரம் அருவியில் நின்றால் உடம்பு லேசாவது உண்மைதான். அதற்குத் தாதுவைக் காரணம் காட்டத் தேவையில்லை.

போகிற வழி

நகரியும் புத்தூரும் நாராயணவனமும் ஆந்திரம்தான். ஆனால், தமிழ் பேசினால் பதில் தமிழிலேயே கிடைக்கும். திருத்தணியேகூட ஒருகாலத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. தலைமையில் நடந்த எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 முதல்தான் அது இந்தப் பக்கம் வந்தது. கோடு மாறியதே தவிர, இரண்டு பக்கத்து ஜனங்களின் பேச்சும் கல்யாண சம்பந்தமும் மாறவில்லை.

ரயிலில் போகிறவர்கள் திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவில் கொஞ்சம் விழித்திருங்கள். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்ற குட்டி ஸ்டேஷன் வரும். ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்து. இந்தியாவிலேயே நீளமான பெயர் கொண்ட ஸ்டேஷன் என்று பல வருடம் பொது அறிவுப் புத்தகங்களில் இருந்தது. சென்னை சென்ட்ரலுக்கு 2019இல் எம்.ஜி.ஆர் பெயரைச் சூட்டிய பிறகு அந்தப் பெருமை கைமாறிவிட்டது, பாவம்.

நகரி வந்ததும் மலை முகட்டைப் பார்த்தால் மல்லாந்து படுத்த மனிதனின் மூக்கு மாதிரி ஒரு பாறை தெரியும். 'நகரி மூக்கு'. வங்கக் கடலில் வந்த மாலுமிகளுக்கே அது அடையாளமாக இருந்திருக்கிறது. அடுத்து புத்தூர். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் 'புத்தூர் கட்டு' இந்த ஊர்ப் பெயரில்தான் பிரபலம். அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தால் பக்கத்திலேயே வைத்தியம் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் கிண்டலடிக்கலாம். அந்தக் கிண்டலை நிஜமாக்காமல் இருப்பது நம் கையில்.

புத்தூரில் நெடுஞ்சாலையை விட்டு ஊத்துக்கோட்டை சாலையில் திரும்பினால் நாராயணவனம். ஆகாசராஜன் மகள் பத்மாவதிக்கும் ஸ்ரீனிவாசனுக்கும் திருமணம் நடந்த ஊர் என்று தலபுராணம் சொல்கிறது. கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில் இப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அதைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் கைலாசகோனா.

'கோன' என்றால் தெலுங்கில் மலையிடுக்குப் பள்ளத்தாக்கு. தலகோனா, சதாசிவகோனா, சிங்கிரிகோனா என்று இந்த வட்டாரத்தில் கோனாக்கள் நிறைய. பெரும்பாலான கோனாக்களில் ஒரு சாமியும் இருப்பார், ஒரு நீர்நிலையும் இருக்கும். ஊற்று வற்றாத இடத்தில்தானே துறவியும் தங்க முடியும், கோயிலும் நிலைக்க முடியும்!

அருவிக்கு எதிரே

மலையேற்றம் பழகியவர்கள் மட்டும் போகும் இடமல்ல இது. வண்டியை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும், பாட்டி தாத்தாவும் மெதுவாக வந்துவிடலாம். வெளியே நெருப்பாக இருந்த காற்று, மரங்களுக்குள் நுழைந்ததும் சட்டென்று மாறும். பிறகு சத்தம். அதற்குப் பிறகுதான் அருவி.

பலகை பலகையாக அடுக்கி வைத்ததுபோன்ற பாறைச் சுவர். செங்காவி நிறம், தண்ணீர் படும் இடத்தில் மட்டும் கறுப்பு, ஓரங்களில் பாசிப் பச்சை. உச்சியிலிருந்து விழும் நீர் நேராகக் கீழே உள்ள குளத்தில் இறங்குகிறது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சாரலுக்குள் துண்டு வானவில் தெரியும். அருகிலேயே சிவனும் அம்பாளும் இருக்கும் கோயில். குளித்த ஈரத்தோடு விபூதி பூசிக்கொண்டு வருகிறவர்களும், ரீல்ஸுக்காக நாலாவது டேக் எடுப்பவர்களும் ஒரே இடத்தில் நிற்பார்கள்.

அழகு என்று பார்த்தால் கார்த்திகை, மார்கழிதான் சரியான காலம். கூட்டம் வேண்டாம் என்றால் சனி, ஞாயிறைத் தவிருங்கள். பாறை அடுக்குகளை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால், தண்ணீர் குறைந்திருக்கும் கோடையே மேல். மழைக்காலத்தில் நீர்த்திரை மறைத்துவிடும் வெடிப்புகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மேலே மலையில் மழை பெய்வது கீழே குளிக்கிறவர்களுக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை மறக்க முடியாது. தண்ணீர் கலங்கினால், இலை தழை சேர்ந்து விழுந்தால், இரைச்சல் கூடினால், ஒரு நொடிகூட யோசிக்காமல் மேடான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். வானம் கறுத்திருக்கும் நாளில் குழந்தைகளோடு குளத்தில் இறங்கவே வேண்டாம்.

நுரை எங்கே போகிறது?

குரோஷியா நாட்டில் பிளிட்விட்சே என்றொரு இடம். அசல் சுண்ணாம்பு பூமி. 1979 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அங்கே தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு, பாசியின் மேல் படிந்து படிந்து புதிய பாறையாகிறது. அதாவது, அருவிகள் தங்கள் படியைத் தாங்களே கட்டிக்கொள்கின்றன. அந்தப் பாசி கெட்டால் அருவியும் கெடும் என்பதால் நீரில் இறங்கிக் குளிக்கவே அனுமதி இல்லை. பார்க்கலாம், நடக்கலாம், படம் எடுக்கலாம். அவ்வளவுதான்.

நம் ஊரில் அருவியைக் கண்டுவிட்டுக் குளிக்காமல் திரும்பு என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். ஆனால், குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு நீதிமன்றமே தடை போட வேண்டிவந்தது. கைலாசகோனாவில் கோடைகாலத்து ஓட்டம் குற்றாலத்தின் சீசன் ஓட்டத்தில் ஒரு துளி. பெரிய அருவி நம் அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும். கயிறாக விழும் அருவியால் அது முடியாது. ஒரு ஷாம்பு பாக்கெட்டின் நுரை குளத்திலேயே வட்டமடிக்கும். வெறும் பாக்கெட் பாறை இடுக்கில் சொருகிக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

அடுத்த மழையில் அது எங்கே போகும்? இந்தப் பக்கத்து மலைகளின் ஓடைகள் ஆரணி ஆற்றில் சேர்கின்றன. அந்த ஆறு பிச்சாட்டூர் அணையை நிரப்பி, ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. திருவள்ளூர் மாவட்டத்து வயல்களைத் தொட்டுக்கொண்டு பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை அடைகிறது. மழைக்காலத்தில் 'பிச்சாட்டூர் திறப்பு, ஆரணி ஆற்றில் வெள்ளம், தரைப்பாலம் மூழ்கியது' என்று செய்தி வருகிறதே, அந்த வெள்ளத்தில் இந்த மலைகளின் நீரும் இருக்கிறது. ஆந்திர மலையில் விட்டுவிட்டு வந்த பிளாஸ்டிக், எல்லை தாண்டி நம் வாய்க்கால் மதகில் வந்து அடைக்கும்.

அருவியைவிட அதன் தலைமேல் இருக்கும் காடு இன்னும் முக்கியம். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்க வேண்டுமானால், மழை மலைமேல் சற்று நேரம் தங்க வேண்டும். தங்க வைப்பது மரமும் வேரும் சருகும்தான். மலை மொட்டையானால் மழைநீர் ஒரே நாளில் வெள்ளமாக ஓடிவிடும். தொட்டி நிரம்பாது. நிரம்பாத தொட்டியிலிருந்து சித்திரையில் எதுவும் ஒழுகாது. சருகுக் குவியலில் அணையாத சிகரெட்டை வீசுகிறவர், மலைச்சரிவில் அடுப்பு மூட்டி பிரியாணி கிண்டிவிட்டுத் தணலை அப்படியே விட்டுப் போகிறவர்... இவர்கள் கைவைப்பது அருவியின் தண்ணீர்த் தொட்டியில்.

திரும்பும்போது வந்த வழியே போக வேண்டாம். அதே ஊத்துக்கோட்டை சாலையில் தொடர்ந்தால் பிச்சாட்டூர், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வரிசையாக வரும். நாகலாபுரத்தில் கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாள் பெயரில் அமைத்த ஊரும் வேதநாராயணர் கோயிலும். பங்குனியில் சில நாட்கள் சூரிய ஒளி மூலவர் மீது விழும். சுருட்டப்பள்ளியில் சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருப்பார். பிரதோஷ நாளென்றால் கூட்டத்தில் நகர முடியாது. அதைத் தாண்டினால் ஊத்துக்கோட்டை, அங்கிருந்து சென்னைக்கு நேர்சாலை. கிளம்பும்போது மாற்று உடை, ஈரத் துணிக்கு ஒரு பை, குப்பைக்கு இன்னொரு பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் ஷாம்பும் வீட்டிலேயே இருக்கட்டும்.