ரூபாய்த்தாளில் ஒரு தமிழ் வரி

பணிமாறுதலால் மும்பைக்கும் தில்லிக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் குழந்தைகள் தமிழைச் சரளமாகப் பேசுகின்றனர். பாட்டி எழுதிய கடிதத்தையோ படிக்க இயலுவதில்லை. பள்ளியில் தமிழ் இல்லாதபோது, எழுத்தறிவிக்கும் பொறுப்பு வீட்டையே சேர்கிறது.

247 எழுத்துகள் என்றதும் பெற்றோர் மலைக்கின்றனர். அகரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சுழிகள் நிறைந்த 'அ'வைவிட, நான்கு வயது விரல்களுக்கு 'ட' எளிது. கீழிறங்கி வலப்புறம் திரும்பும் கோடு 'ட'; அதுவே மேலேறினால் 'ப'. தட்டில் பரப்பிய அரிசியில் இவற்றை வரையட்டும். அடுத்தது 'ம'.

மூன்றையும் தனித்தனி அட்டைகளில் எழுதி, புள்ளிக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கொடுங்கள். 'ம'வின் தலையில் பொட்டு வைத்தால் 'படம்'. எடுத்துவிட்டால் 'படம' என்று வாசித்துக் குழந்தை சிரிக்கும். புள்ளியின் பயனை இலக்கண நூல்கள்கூட இவ்வளவு விரைவில் விளக்குவதில்லை.

பின்னர், பத்து ரூபாய்த்தாளின் பின்புறத்தைக் காட்டுங்கள். அங்குள்ள பதினைந்து மொழிகளின் பட்டியலில், கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். 'பத்து ரூபாய்' என்பதில் தான் அறிந்த 'ப' முதலில் நிற்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கும். ஐம்பது ரூபாய்த்தாளில் 'ம்', 'ப' இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். (தாளின்மீது பேனா படாமல் காத்துக்கொள்ளுங்கள், வங்கியில் பணிபுரிபவன் வேறென்ன சொல்வேன்!)

எல்லாத் தாள்களிலும் உள்ள 'ரூபாய்' என்ற சொல்லில் 'பா' இருக்கிறது. துணைக்காலுக்கு ஓர் அட்டை செய்துவிட்டால் 'படம்' 'பாடம்' ஆகும். 'மடம்' 'மாடம்' ஆகும்.