கருமை காக்குமா?

வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிந்தால் கண் கூசாது. ஆனால், கூசவில்லை என்பதாலேயே கண் பாதுகாப்பாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. ஒளி குறைந்தால் கண்ணின் நடுவே உள்ள பாவை விரியும். புற ஊதாக் கதிர்களைத் தடுக்காத கண்ணாடியாக இருந்தால், விரிந்த பாவை வழியே அக்கதிர்கள் கூடுதலாகவே நுழையும். கண்ணாடியின் நிறம் இதைக் காட்டிக்கொடுக்காது. அளந்துதான் அறிய வேண்டும்.

மனிதக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதைவிடக் குறைந்தால் புற ஊதாக் கதிர். மிகுந்தால் அகச்சிவப்புக் கதிர். நிறமாலை ஒளிமானி என்னும் கருவி, விளக்கொளியை வானவில்போலப் பிரித்து, ஒவ்வோர் அலைநீளமாகச் செலுத்துகிறது. முதலில் கண்ணாடி இல்லாமல் கிடைக்கும் ஒளியை 100 எனக் கொள்கிறது. பிறகு கண்ணாடியை இடையில் வைத்து, எவ்வளவு ஒளி மிஞ்சுகிறது என்று அளக்கிறது.

சாதாரணச் சன்னல் கண்ணாடியை அளந்தால் வியப்புதான். நிறமே இல்லாத அதுவும், கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் 90 விழுக்காட்டையொட்டியே கடத்துகிறது. முன்பக்கத்தில் ஏறத்தாழ 4, பின்பக்கத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு பிரதிபலித்துத் திரும்பிவிடுகிறது. இரவில் சன்னல் கண்ணாடியில் அறைக்குள் இருப்பவரின் முகம் தெரிவது இதனால்தான். 300 நானோமீட்டருக்குக் கீழே அதே கண்ணாடி ஏறக்குறைய சுவராகிவிடும். ஆனால், 350க்கும் 400க்கும் இடைப்பட்ட புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஆகவே, சன்னலோரம் அமர்ந்திருப்பவர் முழுப் பாதுகாப்பில் இல்லை.

இத்தகைய அளவீட்டுக்குத் தொழிலாளர்களின் துன்பமும் ஒரு காரணமாக இருந்தது. உருகிய கண்ணாடியின் தகதகப்பைப் பல்லாண்டு பார்த்து வேலை செய்தவர்களுக்குக் கண்புரை வந்தது. இதை ஆராய லண்டன் ராயல் சொசைட்டி அமைத்த குழுவில் சர் வில்லியம் குரூக்ஸ் இருந்தார். அவர் பலவகை உலோக ஆக்சைடுகளைக் கலந்து கண்ணாடிகளை உருக்கி, ஒவ்வொன்றும் எந்தக் கதிரை விடுகிறது, எதைத் தடுக்கிறது என்று அளந்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1914இல் வெளிவந்தது. இரும்பு கலந்த கண்ணாடி வெப்பக் கதிரைத் தடுத்தது. ஆனால், பச்சை படிந்தது. சீரியம் கலந்த கண்ணாடியோ, ஏறக்குறைய நிறமே இல்லாமல் புற ஊதாக் கதிரைத் தடுத்தது.