தலைகீழாகவும் பாடும் தட்டு

இசைத்தட்டு கீழே, ஊசி மேலே. ஊசியைப் பள்ளத்தில் அழுத்தும் வேலையை அதைத் தாங்கும் கையின் எடையே பார்த்துக்கொள்ளும். ரெக்கார்ட் பிளேயருக்கு அசையாத மேஜை தேவைப்பட்டதும் இதனால்தான். சில வடிவமைப்பாளர்கள் மட்டும் இந்த ஏற்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

1956 மாடல் கிறைஸ்லர் கார்களில் டாஷ்போர்டுக்கு அடியில் ‘ஹைவே ஹை-ஃபை’ என்ற பிளேயர் வந்தது. எல்.பி. தட்டு உருவாகக் காரணமாயிருந்த பீட்டர் கோல்ட்மார்க்கின் யோசனை அது. 7 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 16⅔ முறைதான் சுற்றும். பள்ளங்களும் மிக நெருக்கம். ஒரு பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். ஆனால் அதற்கென்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட தட்டுகள் மட்டுமே ஓடும், வீட்டுத் தட்டு உதவாது. சில ஆண்டுகளிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள்.

ஜெர்மனியில் பிரவுன் நிறுவனத்துக்காக டீட்டர் ராம்ஸ் 1959இல் வடிவமைத்த டிபி 1, கையில் தூக்கிக்கொண்டு போகிற ரேடியோவும் பிளேயரும் சேர்ந்த பெட்டி. மூடியை நகர்த்தினால் ஊசி கீழேயிருந்து எழும்பித் தட்டின் அடிப்பக்கத்தைத் தொடும். எடைக்குப் பதில் ஸ்பிரிங்.

இந்த யோசனையை உச்சத்துக்குக் கொண்டுபோனது 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-10. எல்.பி. உறையின் அளவே இருக்கும் சதுரப் பெட்டி. மூடியிலுள்ள பிடிப்பு தட்டை நடுவில் இறுக்கிக்கொள்ளும், ஊசிக்கையும் மூடிக்குள்தான். வழக்கமான கை ஓரத்து அச்சில் ஊன்றி வில்போல் வளைந்து நகரும். தட்டில் பள்ளம் வெட்டும் இயந்திரமோ நேர்கோட்டில் நகர்வது. இதனால் ஊசியின் கோணம் கொஞ்சம் பிசகும். எஸ்எல்-10இன் கை நேர்கோட்டிலேயே நகர்கிறது. கை துளி சாய்ந்தாலும் ஒளி உணரி கண்டுபிடித்து மோட்டாரைத் தூண்டிவிடும். செங்குத்தாக நிறுத்தினாலும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் பாட்டு நிற்காது. வித்தைக்காகச் செய்த வித்தையில்லை இது, நல்ல பொறியியல்.

வித்தைக்கு ஜப்பானின் ‘சவுண்ட் வேகன்’ இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் வேன் உருவத்தில் ஒரு பொம்மை. தட்டு அசையாமல் கிடக்க, வேன் அதன்மேல் வட்டமடித்துப் பாடும். 33⅓ சுற்றுத் தட்டின் வெளிவிளிம்பில் ஊசி நொடிக்குச் சுமார் 50 செ.மீ. நகர வேண்டும், உள்வட்டத்தில் 20 செ.மீ. போதும். ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கு இது ஒத்துவராது, உள்ளே போகப் போகச் சுருதி ஏறிவிடும். தட்டின் மேலேயே சக்கரங்கள் உருள்வதால் தேய்மானம் வேறு. வேடிக்கை பார்க்கலாம், தாத்தா காலத்து நல்ல தட்டை மட்டும் இதனிடம் கொடுத்துவிடாதீர்கள்.