நாலுகால் குடித்தனம் – 9: காது பார்த்துத் தெரு பிடிக்கணும்

சென்னையைக் காலிசெய்துவிட்டு நாகர்கோவிலில் வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். வெள்ளை ராஜபாளையம் பாலனுக்குக் காது கேளாது. தெருவில் எடுத்து வளர்த்த கருப்பிக்கு எல்லாமே கேட்கும். இதற்குமேல் முன்கதை வேண்டுபவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் நாயைப் பற்றி என்ன எழுதிக்கொள்வது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். எழுதவும் உட்கார்ந்தேன். அதற்குள் ஹெஃப்னர் தம்பதி குறுக்கே வந்துவிட்டார்கள். பக்கம் நாளை அச்சுக்குப் போகிறது. மனசு முழுக்க அவர்கள்தான் இருக்கிறார்கள்.

ஹென்றி ஹெஃப்னர், ரிக்கி ஹெஃப்னர் இருவரும் அமெரிக்க ஆய்வாளர்கள். எந்தப் பாலூட்டிக்கு எது கேட்கும், எது கேட்காது என்று பல பத்தாண்டுகள் அளந்தவர்கள். தலை சிறுத்த பிராணிக்கு உச்ச சுருதி வரை கேட்கும், தலை பெருத்ததற்கு அவ்வளவு மேலே எட்டாது என்பது அவர்கள் கண்ட பொதுவிதி. சுண்டெலிக்கு 80,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் கேட்கிறது. கான்சாஸ் மாநிலம் இன்டிபென்டன்ஸ் நகர மிருகக்காட்சி சாலையில் ஓர் ஆசிய யானையைச் சோதித்தார்கள். 10,000 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் தாண்டியதுமே அதற்கு ஓசை அற்றுப்போனது. மனிதக் காதின் எல்லை 20,000.

அப்படியானால் நாயில் சின்னதுக்கும் பெரியதுக்கும் வித்தியாசம் இருக்க வேண்டுமே? 1983இல் ஹென்றி ஹெஃப்னர் சிவாவா தொடங்கி செயின்ட் பெர்னார்டு வரை, நாலு கிலோவிலிருந்து நாற்பத்தைந்து கிலோ வரையுள்ள நாய்களை வைத்துப் பார்த்தார். வித்தியாசமே இல்லை. எல்லாவற்றுக்கும் உச்சம் 45,000 ஹெர்ட்ஸை ஒட்டியே நின்றது. ஆகவே “எங்களுது சின்ன பொமரேனியன்தானே” என்றோ, “பெரிய நாய், அதுக்கு என்ன பயம்” என்றோ சொல்வதற்கு இடமில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த அளவு. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிய முடியும்? மனிதனுக்குச் சுமார் 1 பாகை வித்தியாசம் போதும். யானைக்கும் ஏறக்குறைய அதே அளவு. நாய்க்கு 8 பாகை வேண்டும். குதிரைக்கு 22, மாட்டுக்கு 30! காது எவ்வளவு பெரியது என்பதல்ல விஷயம், கண்தான் விஷயம் என்கிறார்கள் ஹெஃப்னர் தம்பதி. கூர்மையாகப் பார்க்கும் புள்ளி கண்ணுக்குள் எவ்வளவு குறுகியதோ, அந்தப் புள்ளியைச் சத்தத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தக் காது அவ்வளவு துல்லியமாக வழிகாட்ட வேண்டும். மாட்டுக்குப் பக்கவாட்டில் நீளமாகப் பரந்த பார்வை. அதனால் காது அங்கே அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

இதை வைத்துக்கொண்டு கருப்பியை யோசித்துப் பாருங்கள். கோவிலில் வெடி போடுகிறார்கள். எனக்கு அது கோவில் என்று தெரியும், எந்தப் பக்கம் என்றும் தெரியும். அவளுக்கு என்னைவிட அதிகமாகக் கேட்கிறது, ஆனால் இடம் என்னைவிட மங்கலாகத்தான் தெரிகிறது. சந்துக்குள் சுவருக்குச் சுவர் எதிரொலியும் சேர்ந்தால், எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்பதே பிடிபடாமல் போகும் என்பது என் ஊகம். சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டு கிடக்கும் நாயை நான் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன்.

நாஞ்சில் நாட்டில் இது சும்மா தெரிந்துகொள்ளும் சங்கதியல்ல, வீடு பிடிப்பதையே தீர்மானிக்க வேண்டிய சங்கதி. இங்கே வருஷத்தை வெடியால் அளக்கலாம். தீபாவளி ஊருக்கெல்லாம் பொது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று அரசு வகுத்த கணக்காவது அதற்கு இருக்கிறது. நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா தொடங்கி டிசம்பர் 3 வரை போகும். பிறகு கிறிஸ்துமஸ், புத்தாண்டு. மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம். தையில் நாகராஜா கோவில். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. மண்டைக்காட்டில் வெடி வழிபாடு என்றே ஒன்று உண்டு: நேர்ந்துகொண்டவர் காசு கட்டினால் அவர் பேரில் வெடி போடுவார்கள். இரும்புக் குற்றியில் கருமருந்தை இடித்துக் கெட்டித்து வைக்கும் கதினாவின் சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சில் வந்து விழும்.

நான் இந்தத் திருவிழாக்களுக்குள் வளர்ந்தவன். கம்பக்கட்டு வாணவேடிக்கை பார்க்க அப்பா தோளில் உட்கார்ந்து போனவன். அவற்றை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. எந்த மாசம் எந்தத் தெரு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு வீடு பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் முன்பணம் கொடுத்துவிட்டுப் பால்காய்ச்சினால் நாய்க்குப் புது வீடும் புதுச் சத்தமும் ஒரே நாளில் வந்து விழும். பழகாத வீட்டில் ஒளிய எந்த மூலை நல்லது என்பதுகூட அதற்குத் தெரியாது. பங்குனி, சித்திரையில் குடியேறினால் அடுத்த வரிசை தொடங்குமுன் சில மாதங்கள் கிடைக்கும்.

“எங்க நாய் வெடிக்கெல்லாம் பயப்படாது” என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், தங்கள் நாய் சத்தத்துக்குப் பயப்படும் என்று சொன்னவர்கள் கால்வாசிப் பேர். நடுங்குமா, ஒளியுமா, உங்களை ஒட்டிக்கொள்ளுமா என்று தனித்தனியாகக் கேட்டபோது பாதிப் பேர் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றார்கள். நாய் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

வடிவீஸ்வரத்தில் ஓர் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். வாடகைக்கு அல்ல, அவர் வீட்டு நாயைப் பார்க்க. பழைய வீடு. படிப்புரை தாண்டி, முற்றம் தாண்டி, ஜன்னலே இல்லாத அரங்கு. அதற்குள் ஒரு பத்தாயம். நெல் கொட்டி எத்தனையோ வருஷம், இப்போது உருளியும் குத்துவிளக்கும் உள்ளே தூங்குகின்றன. பத்தாயத்தின் நாலு காலுக்கு நடுவே தரை வழவழவென்று தேய்ந்திருந்தது. பின்சுவரோரம் நகம் பிறாண்டிய கோடுகள்.

“திருவிழா வருகது அதுக்குத் தெரிஞ்சு போயிரும் தம்பி. பந்தலுக்குக் கம்பு கொண்டு வந்து எறக்கினாப் போதும், உள்ள போயிரும். சோறும் அங்கதான் வைக்கணும்” என்றார் அண்ணாச்சி.

அரங்குக் கதவைச் சாத்திவிட்டு நான் உள்ளே நின்றேன். என் மனைவி தெருவில் ஸ்கூட்டர் ஹாரனை அடித்தாள். அடித்தாளா இல்லையா என்று வெளியே வந்து கேட்க வேண்டியிருந்தது. இரண்டடி கனத்துச் சுவர் செய்கிற வேலை அது. புது அடுக்ககங்களில் நாலு பக்கமும் அலுமினிய ஜன்னல். நடுவில் ஓர் இருட்டறை என்பதே கிடையாது. இனி எந்த வீட்டைப் பார்த்தாலும் முதலில் நான் தேடுவது வெளிச்சுவர் படாத ஒரு மூலையை. மாடிப்படிக்குக் கீழே உள்ள பொந்துகூடப் போதும்.

சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்துக்கு மேல் 45 என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்; அங்கே 50, 40. இதை நம்பி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் வீடு பார்க்கலாமா என்று யோசித்தோம். ஆம்புலன்ஸ் ஒலி இருக்கத்தான் செய்யும், ஆனால் அது நாளும் கேட்கிற ஒலி. நாளும் கேட்பதை நாய் பழகிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை வருவதைப் பழகாது.

இப்போது பாலனுக்கு வருகிறேன். 2005 ஜனவரியில் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்ட நாலு இந்திய நாய்களில் ராஜபாளையமும் ஒன்று. அந்தப் பால்வெள்ளை நிறம்தான் அதற்குப் பெருமை, அதுவே அதற்கு வினை. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே உயிரணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பிழைகள் நசித்துவிடும். குட்டி வாங்கும்போது இதைச் சொல்லி விற்பவரை நான் பார்த்ததில்லை.

பாலனுக்குக் கதினா ஒரு பொருட்டே இல்லை. தரை அதிர்ந்தால் மட்டும் தலை தூக்குவான். ஆனால் பின்னால் வரும் மினி பஸ்ஸின் ஹாரன் அவனுக்கு இல்லை. அவனுக்கு வேண்டியது முட்டுச்சந்து. வாகனம் ஒரு முனையிலிருந்து மட்டுமே நுழையக்கூடிய, வளைவில்லாத, கண்ணுக்கு எட்டும் தெரு. கருப்பிக்கு வேண்டியது கோவிலும் ஒலிபெருக்கியும் தூரமாக இருக்கும் தெரு. பார்வதிபுரம், வெட்டூர்ணிமடம் பக்கம் மெயின் ரோட்டை ஒட்டிப் பார்த்த வீடுகளெல்லாம் பாலனால் அடிபட்டுப்போயின. கோட்டாறு கருப்பியால்.

மிச்சமிருந்தவற்றில் ஒரு தெரு எனக்குப் பிடித்தது. ஊரையும் தெருவையும் சொன்னால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவார், அதனால் சொல்லவில்லை. புரோக்கர் டைல்ஸையும் மோட்டாரையும் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே வந்து தெருநாய்களின் காதைப் பார்த்தோம். கருத்தடை செய்து வெறிநாய்த் தடுப்பூசி போட்டு விட்ட நாய்க்குக் காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். அங்கே படுத்துக் கிடந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட தெருவில் மார்கழிக் கூட்டச் சண்டை குறையும், புதுக் குட்டிகள் பெருகாது, வெளியூர் நாயோடு நாம் நடந்து போனால் குரைத்துவிட்டு விட்டுவிடும். வெட்டில்லாத காதுகளே கண்ணில் படும் தெரு என்றால் நான் இன்னொரு தடவை யோசிப்பேன்.

எதிர்வீட்டு ஆச்சி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னார்: “டிரான்ஸ்பார்மருக்கு அங்க நிக்கியதெல்லாம் இங்க வராது மக்களே. இங்க உள்ளது அங்க போவாது. நீங்க டிரான்ஸ்பார்மருக்கு இங்கயே நடத்திக்கிட்டுத் திரும்பிருங்க.” எந்தப் புரோக்கரும் தரமுடியாத வரைபடம் அது.

இந்த எல்லைகள் இனி அப்படியே இருக்குமா என்ற கேள்வியும் உண்டு. பிடித்த நாயைக் கருத்தடைக்குப் பின் அதே இடத்தில் விட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் விலக்கு. நவம்பர் 7இல் வந்த உத்தரவு, பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்கிறது. ஓரிடத்து நாய்களை அகற்றினால் பக்கத்துக் கூட்டம் அந்த இடத்துக்கு வரும். ஆகவே ஆசாரிப்பள்ளத்தையும் வடசேரி பஸ் நிலையத்தை ஒட்டிய தெருக்களையும் இன்றைய நாய்களை வைத்து எடைபோட வேண்டாம் என்று தள்ளிவைத்திருக்கிறோம். அமைதி மண்டல ஆசை அங்கே முடிந்தது.

புத்தேரி, தேரூர்ப் பக்கம் வயலோர வீடுகளைப் பற்றிக் கேட்டு எழுதியவர்களுக்குச் சுருக்கமாக: அழகு, காற்று, குறைந்த வாடகை எல்லாம் உண்மை. வயலில் எலி உண்டு, எலிக்குப் பின்னால் விரியனும் நல்ல பாம்பும் உண்டு, எலி மூத்திரம் கலந்த கால்வாய்த் தண்ணீரில் எலிக்காய்ச்சலும் உண்டு. பேச்சிப்பாறைத் தண்ணீர் ஜூனில் வந்து பிப்ரவரிக் கடைசி வரை ஓடும். அந்த மாதங்களில் நாயைக் கால்வாயில் இறங்கவிடாதீர்கள், வருஷா வருஷம் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். சுசீந்திரம் – தேரூர் குளங்கள் 2022 முதல் ராம்சார் பட்டியலில் உள்ளவை. பறவைகள் வந்திறங்கும் கரையில் நாயைக் கயிறில்லாமல் விடுபவர்களை நான் மன்னிக்கமாட்டேன்.

மருத்துவர் விஷயம் தனிக் கட்டுரை. சென்னையில் 1903 முதல் இருக்கும் வேப்பேரி கால்நடைக் கல்லூரியை நம்பியே வாழ்ந்துவிட்டோம். இங்கே பெரிய அறுவை சிகிச்சை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கல்லூரிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். நள்ளிரவில் அந்தச் சாலையை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கலாம் என்பதையும் வீட்டுக் கணக்கில் சேர்த்திருக்கிறோம். ஒழுகினசேரிப் பக்கத்துக்கு அதில் கூடுதல் மதிப்பெண்.

ஆச்சியின் தெருவில் இரவு பத்தரைக்கும் விடியற்காலை நாலரைக்கும் என்ன சத்தம் கேட்கிறது என்று இன்னும் போய் நின்று பார்க்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கருப்பியைக் கூட்டிக்கொண்டு போகிறோம். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் ‘வளர்ப்புப் பிராணிகள் கூடாது’ என்ற வரியை அடிக்கச் சம்மதிப்பாரா என்பதும் அன்று தெரியும். குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலையும், தனி வீட்டுக்காரரிடம் அது ஏன் செல்லுபடியாகாது என்பதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)