மண்ணில் கிடக்கும் துரியோதனன்

சிற்பம் என்றவுடன் நம்மவர் கல்லையும் வெண்கலத்தையுமே நினைக்கின்றனர். பட்டுத் தறிகளுக்கும் பொன்னி நெல்லுக்கும் பேர்போன ஆரணி, களம்பூர், போளூர் வட்டாரத்திலோ மண்ணாலான மாபெருஞ் சிற்பமொன்று இன்றும் ஆண்டுதோறும் புதிதாய்ப் பிறக்கின்றது. திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழா முடியுந் தறுவாயில், ஊர்த் திடலில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவத்தையே குறிப்பிடுகின்றோம். பல அடி நீளத்துக்கு மண்ணைக் குவித்துத் தட்டி, வண்ணந் தீட்டி, ஊரார் அதனை ஆக்குகின்றனர்.

மனிதனுள் உறையும் விலங்கைச் சிற்பிகள் பலவாறு காட்டியுள்ளனர். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பி, மனித உடல்மீது எருமைத் தலையை வைத்து மகிஷனைச் செதுக்கினான். நம் காலத்தில் குஜராத்தில் பிறந்த துருவ மிஸ்திரி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரச் சதுக்கத்தில் 1993இல் மனிதமும் விலங்கும் கலந்த காவலுருவங்களை நிறுவினார். நம் கிராமத்துக் கலைஞரோ துரியோதனனுக்குக் கொம்பும் வாலும் வைப்பதில்லை. மீசையும் மகுடமும் தரித்த மன்னனாகவே அவனை வடிக்கின்றார். ஊசிமுனை நிலமுந் தரேன் என்ற பேராசைக்குத் தனியே ஒரு முகம் வேண்டுவதில்லை. மனித முகமே போதும் என்பது அவர் கருத்துப்போலும்!

படுகளத்தன்று பீமன் வேடந் தரித்த கூத்தர் அவ்வுருவின் தொடையில் அடிக்கின்றார். உள்ளே வைத்த செந்நீர் பீறிடுகின்றது. அதனைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிக்கின்றாள். மக்கள் ஆரவாரிக்கின்றனர்.

அரசியல் ஊழியர்கள் கருத வேண்டியது இங்கேதான் உள்ளது. கதாயுத்தத்தில் இடைக்குக் கீழ் அடித்தல் விதிக்குப் புறம்பு. பீமன் அடித்ததோ தொடையில். அது கண்டு பலராமன் வெகுண்டெழுந்தான் என்கிறது பாரதம். தருமம் வென்றது மெய். வென்ற கையிலும் விலங்கின் நகம் இருந்தது என்பதும் மெய்யன்றோ? நமது கட்சி நியாயமானது என்ற நம்பிக்கை ஒன்றே, நாம் கையாளும் வழிகளையெல்லாம் நியாயமாக்கிவிடாது. மேடையில் மாற்றானை இழித்துரைக்கும்போதும், தேர்தலில் முறைகேட்டுக்குத் துணியும்போதும், அந்நகம் நம் கையில் முளைக்கின்றது.

விழா முடிந்தபின் அந்த மண்ணை மக்கள் மங்கலமெனக் கருதி வீட்டுக்கு வாரிச் செல்கின்றனர். சிற்பம் மறைகின்றது, மறு விழாவுக்கு மீண்டும் ஆக்கப்படுகின்றது. ஒருமுறை கொன்றால் ஒழியும் விலங்கு அன்று அது. அடுத்த விழாவில் அத்திடலுக்குச் செல்லும் தேசத் தொண்டர்கள், விழுந்து கிடப்பவனை மட்டுமன்றி அடித்து நிற்பவனையும் உற்று நோக்கி வருமாறு வேண்டுகின்றோம்.