நரம்பு என்னும் சொல்லும் தாதியின் விரலும்

இடக்கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, பெருவிரல் நுனியும் சிறுவிரல் நுனியும் ஒன்றையொன்று தொடுமாறு செய்து, மணிக்கட்டைச் சற்றே உள்நோக்கி மடக்கினால், அதன் நடுவே கயிறு போன்ற ஒன்று விறைத்து எழும். அது யாது எனத் தமிழர் எவரைக் கேட்டாலும் நரம்பு என்பர். அதன் அருகே தோலுக்கடியில் நீலநிறமாய் ஓடுவதும் நரம்பே. பெருவிரற் பக்கம் தொட்டால் துடிப்பது நாடி நரம்பு. எழுந்த கயிற்றின் அடியிலோ, கண்ணுக்குப் புலனாகாத நான்காவது ஒன்று கிடக்கிறது. மருத்துவ நூலார் நரம்பு என்று வரையறுத்து வழங்குவது அதனை மட்டுமே. எழுந்தது தசைநாண், நீலமாய்த் தெரிவது சிரை, துடிப்பது தமனி. இரண்டு விரற்கடை அகலத்துள் நான்கு பொருள்கள். மக்கள் வழக்கில் நான்கிற்கும் ஒரே பெயர். சிலருக்கு நடுவில் கயிறு எழாது. அவர்களுக்கு அந்நாண் பிறவியிலேயே அமையவில்லை என்பதன்றி வேறு குறை இல்லை.

இச்சொல்லின் சிக்கல் புலவரோடு நின்றுவிடுவதன்று. கிள்ளானை அடுத்த மேரு, காப்பார் போன்ற வட்டாரங்களிலிருந்து தாதிமைப் பயிற்சிக்குச் செல்லும் தமிழ் மாணவி, முதலாம் ஆண்டிலேயே இதனை எதிர்கொள்கிறாள். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்றபின் இடைநிலைக் கல்வியை மலாயில் முடித்து, தாதிமைப் பாடங்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்பவள் அவள். நோயாளியோ அவளிடம் தமிழில் பேசுகிறார்.

முதலாண்டுப் பாடத்தில் எலும்புகள் எளியவை. வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள் என்பதையும், அவற்றின் பெயர்களையும் நெட்டுருச் செய்துவிடலாம். தேர்விலும் மதிப்பெண் கிட்டும். ஆனால் செய்முறை அறையில் ஒரு தோழியின் கையைப் பற்றி, "இரத்த அழுத்தம் பார்" என்று ஆசிரியை சொல்லும்போதுதான் நெட்டுரு கைவிடுகிறது. முழங்கையின் உள்மடிப்பில் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக முதலில் தசைநாண், அடுத்துத் தமனி, அதற்கும் அப்பால் நரம்பு என்ற வரிசை அமைந்துள்ளது. இவற்றுக்கு மேலாகத் தோலையொட்டிச் சிரை செல்கிறது. கையைச் சிறிது மடக்கித் தசைநாணை முதலில் கண்டுகொண்டு, அதன் உட்புறமாக விரலை நகர்த்தினால் துடிப்பு தட்டுப்படும். செவிக்குழலை வைக்க வேண்டிய இடம் அதுவே. கையைச் சுற்றிய பட்டையில் காற்றை ஏற்றித் தமனியை அடைத்து, பின்னர் மெல்ல இறக்கும்போது முதலில் கேட்கும் ஒலி மேல் அழுத்தத்தையும், ஒலி மறையும் இடம் கீழ் அழுத்தத்தையும் காட்டும். ருசிய மருத்துவர் கொரொட்கோவ் 1905இல் வெளியிட்ட முறை இது. தசைநாணின் மேல் குழலை வைத்துவிட்டு, "ஒன்றும் கேட்கவில்லை, சிஸ்டர்" என்று திகைத்து நிற்பது முதலாண்டில் பலரும் கடந்து வரும் நிலை.

சிரைக்கும் தமனிக்கும் இடையே அம்மடிப்பில் ஒரு மெல்லிய நார்ப்படலம் விரிந்திருக்கிறது. குருதி வடிப்பதே மருத்துவம் என்றிருந்த காலத்தில், சிரையைக் கீறும் கத்தி தமனிவரை இறங்காமல் காத்தது அப்படலமே. அதனால் பிரெஞ்சு நாட்டார் அதற்குக் கடவுளின் அருள் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். இன்று சிரையில் ஊசியேற்றப் பழகும் மாணவிக்கும் அவ்வருள் வேண்டியதாகவே இருக்கிறது. மக்கள் இதனை "நரம்பு ஊசி" என்பர். பாடநூலின் பொருளில் கொண்டால், நரம்பில் ஊசி படுதல் என்பது எவ்வாறேனும் தவிர்க்க வேண்டிய தீங்கு. தசையில் ஊசி போடும் இடங்களை வரையறுத்துக் கற்பிப்பதன் ஒரு நோக்கமே, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெருநரம்பைக் காப்பதுதான்.

சொல்லின் மயக்கம் உயிர்வரை எட்டும் இடமும் உண்டு. அறுவைக்குப்பின் சில நாள் படுக்கையிலேயே கிடந்த ஒரு பாட்டி கெண்டைக்காலைக் காட்டி, "நரம்பு புடிச்சி இழுக்குதும்மா" என்கிறார் என்று கொள்வோம். அது வெறும் தசைப்பிடிப்பாக இருக்கலாம். முதுகெலும்பின் அருகே அழுத்தமுற்ற நரம்பின் வலி காலில் தோன்றுவதாகவும் இருக்கலாம். ஆழத்தில் உள்ள சிரையில் குருதி உறைந்து அடைத்துக்கொண்டிருக்கவும் கூடும். மூன்றையும் பாட்டி நரம்பு என்றே சொல்வார். அவர்மேல் பிழையில்லை. உடன் வந்த மகள் தைலத்தை எடுத்துக் காலை நீவிவிட முனைவாள். முதலிரண்டில் அதனால் பெருங்கேடில்லை. மூன்றாவதாயின், நீவும்போது உறைகட்டி பெயர்ந்து குருதியோடு சென்று நுரையீரலை அடைத்து உயிரைப் போக்கிவிடலாம். ஒரு கால் மட்டும் வீங்கியுள்ளதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, நிறம் மாறியுள்ளதா என்று இரு கால்களையும் ஒப்பிட்டு நோக்கி, நீவுவதைத் தடுத்து, மருத்துவரை உடனே அழைக்கத் தாதிக்குத் தெரிய வேண்டும். நரம்பு என்ற சொல்லை "நெர்வ்" என்று மட்டும் பெயர்த்து ஏட்டில் எழுதிவைப்பவள் இவ்விடத்தில் தவறிவிடுவாள்.

இஃது தமிழின் வறுமை என்று எவரேனும் கருதினால் அது பொருந்தாது. மலாயில் உராட் என்னும் சொல்லும் பொதுவழக்கில் சிரை, நாண், நரம்பு மூன்றையும் குறிக்கும்; நரம்பைத் தனியே சுட்ட வேண்டுமாயின் உராட் சாராப் என்று அடைகூட்டுவர். ஆங்கில மருத்துவச் சொற்கள் பலவற்றுக்கு வேராகிய கிரேக்க நியூரோன் என்பதற்கும் தொடக்கத்தில் தசைநாண், வில்லின் நாண் என்பனவே பொருள். தமிழில் யாழின் தந்தியை நரம்பு என்றதும் இதனோடு ஒத்த காட்சியே. உடலுக்குள் இழுபட்டு நீண்டு கிடப்பதையெல்லாம் மனிதர் ஒரு பெயரால் அழைத்தனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடலை அறுத்து ஆராய்ந்த எரோபிலசு முதலியோரே, நரம்பு வேறு, நாண் வேறு, குருதிக்குழாய் வேறு என்று தெளிவாகப் பிரித்தனர். கத்தி பிரித்த பின்னரே சொல்லும் பிரிந்தது.

தமிழில் அப்பிரிவினையை நூலளவில் நிறைவேற்ற முயன்றவர்களுள் தலையாயவர் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் மாசசூசெட்சு மாநிலத்து ஊஸ்டர் நகரில் பிறந்த அவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். பேறுகாலக் காய்ச்சலைத் தடுக்க மருத்துவர் கை கழுவ வேண்டும் என்று வியன்னாவில் செம்மல்வைசு வற்புறுத்தத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். மானிப்பாயில் மருந்தகம் அமைத்து, முதலில் ஆங்கிலத்திலேயே மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் தேறியோர் அரசுப் பணியை நாடிச் சென்றுவிடுவர், தமிழில் பயின்றோரே தம் ஊர்களில் தங்கித் தொழில் செய்வர் என்பது அவர் கண்ட முடிவு. 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரிடம் பயின்ற மருத்துவர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழிப் பயின்றோர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! இலண்டனில் 1858இல் கிரே என்பார் வெளியிட்ட உடற்கூற்று நூல், 14 ஆண்டுகளுக்குள் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் தமிழில் வந்துவிட்டது. அதற்கு முன்பே 1867இல் அறுவை மருத்துவம் பற்றிய 'இரணவைத்தியம்' வெளிவந்தது. உடலின் தொழிற்பாட்டைக் கூறும் 'மனுஷ சுகரணம்' 1883இல், அவர் மறைவதற்கு ஓராண்டு முன்னர் அச்சேறியது. தம் தமிழ் மாணவர்களையும் உடன்வைத்துக்கொண்டே இப்பணியை அவர் செய்தார் என்பது கருதத்தக்கது. சொல்லைத் தேடியவரும், அச்சொல் குறிக்கும் உறுப்பை நோயாளியிடம் தொட்டறிந்தவரும் அங்கு ஒருவராகவே இருந்தனர்.

அவருடைய சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் போய் உடற்கூற்றியல் வந்தது. சுகரணம் போய் உடலியங்கியல் வந்தது. அவர் கெமிஸ்தம் என்றதை நாம் வேதியியல் என்கிறோம். 1873இல் அவர் தாயகம் திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நீடித்து நிலைக்கவில்லை. பிரிட்டிஷார் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு ரயில்வே, அலுவலகப் பணிகளை ஏற்று வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தார் ஆங்கிலக் கல்வியாலேயே வந்தவர்கள்.

இன்றும் ஈழத்துப் பாடநூல் நாடி, நாளம் என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் தமனி, சிரை என்கிறது. மலேசியாவில் பின்னதே பெரிதும் வழங்குகிறது. தமனி, சிரை இரண்டும் வடசொல்லாயிற்றே என்று வருந்துவோர் உளர். நாடி என்பது துடிப்பையும் குறித்து மற்றொரு மயக்கத்தை உண்டாக்கும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். எதைக் கொண்டாலும் சரி, ஒரு வகுப்பில் ஒன்றையே கொண்டால் போதும். மக்கள் நாவில் உள்ள நரம்பைத் திருத்த முற்படுவதுதான் வீண்வேலை. தோட்டத்து டிரசர் அதனைத் திருத்தியதில்லை. "எந்த எடத்துல? வெரல வச்சுக் காட்டு" என்று கேட்டுக்கொண்டார். தாதி மாணவிக்கு வேண்டியதும் அதுவே: பாட்டியின் நரம்பையும் பாடநூலின் நரம்பையும் ஒருங்கே அறிந்திருப்பது.

2003 முதல் சில ஆண்டுகள் ஆங்கிலத்தில் நடந்த அறிவியல் பாடம், தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மீண்டும் தமிழில் நடைபெறுகிறது. குருதியோட்டப் பாடத்தன்று படத்தை மட்டும் வரையச் சொல்லாமல், முன்னர்க் கூறிய மணிக்கட்டுச் சோதனையை ஒவ்வொரு மாணவரும் செய்துபார்க்கச் செய்யலாம். நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, கண்டதையும் தொட்டதையும் சுட்டச் சொல்லலாம். நரம்பு மட்டும் காணாமலே நம்ப வேண்டியதாக எஞ்சும். பின்னர் அடுத்திருப்பவரின் நாடித்துடிப்பை 30 நொடி எண்ணி இரட்டிக்கச் சொல்லலாம். வளர்ந்தோர்க்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருக்கும். சிறுவர்க்குச் சற்று மிகும். எண்ணுவதற்குச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைக்க வேண்டும். பெருவிரலில் தனக்கே வலிய துடிப்பு உண்டாதலின், அதனை வைத்தவன் தோழனின் நாடி என்று நினைத்துத் தன் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பான்.